பழைய கம்ப்யூட்டரை விற்கும் முன்: டிஸ்க்கைச் சரியாக அழிப்பது எப்படி?

ஓஎல்எக்ஸில் லேப்டாப் படம் போட்ட அன்றைக்கே ஆள் வந்துவிடுவார். அவரை ஹாலில் உட்காரவைத்துவிட்டு, அவசர அவசரமாக 'டாக்குமெண்ட்ஸ்' ஃபோல்டரை டெலீட் செய்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்து, பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு கொடுத்தனுப்புவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. அப்படிப் போகும் ஹார்ட் டிஸ்க்கில் ஆதார் பிடிஎஃப், பான் கார்டு ஸ்கேன், வங்கி ஸ்டேட்மெண்ட், வீட்டுப் பத்திர நகல், வில்லங்கச் சான்று, பிள்ளைகளின் மார்க் ஷீட், குடும்பப் படங்கள் எல்லாம் அப்படியே உட்கார்ந்திருக்கும். ரெக்குவா, ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்களில் ஒன்றை ஓட்டினாலே பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துவிடலாம்.

ஆகவே, விளம்பரம் போடுவதற்கு முன்பே அழிக்கும் வேலையை முடித்துவிடுங்கள். முறையாகச் செய்ய அரை நாள்கூட ஆகலாம். வாங்க வந்தவரின் எதிரில் உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை இது.

டெலீட், ஃபார்மட்: உள்ளே என்ன நடக்கிறது?

எந்த ஃபைல் டிஸ்க்கில் எந்த இடத்தில் இருக்கிறது என்று விண்டோஸ் ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. டெலீட் செய்தால் அந்த அட்டவணையில் 'இந்த இடம் காலி' என்று குறிப்பு மாறும், அவ்வளவுதான். பட்டாவில் பெயரை அடித்துவிட்டால் வீடு இடிந்துவிடாது. ஃபைலும் அப்படித்தான் தன் இடத்திலேயே இருக்கிறது. வேறு ஒரு ஃபைல் அதே இடத்தில் எழுதப்படும்வரை அதை மீட்க முடியும்.

'குவிக் ஃபார்மட்' செய்வதும் ஏறக்குறைய இதுவே. பழைய அட்டவணைக்குப் பதில் வெற்று அட்டவணை ஒன்று வருகிறது, தரவு அசையாமல் கிடக்கிறது. விண்டோஸைப் புதிதாக இன்ஸ்டால் செய்யும்போது வருகிற ஃபார்மட்டும் குவிக் ஃபார்மட்தான். 'ஃபார்மட் பண்ணி புது விண்டோஸ் போட்டாச்சு, ஒன்றும் இருக்காது' என்று கடையில் சொன்னால், புதிய விண்டோஸ் உட்கார்ந்த இடத்தில் மட்டும்தான் பழையது அழிந்திருக்கிறது என்று பொருள். 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் பிடிக்கும் இடம் மிகச் சிறிது. மீதி முழுக்கப் பழைய தரவு இருக்கும். 'குவிக்' என்ற டிக்கை எடுத்துவிட்டுச் செய்யும் முழு ஃபார்மட் வேறு விஷயம்: விண்டோஸ் விஸ்டா முதல் அது டிஸ்க் முழுவதும் பூஜ்ஜியங்களை எழுதுகிறது. அதற்கு முந்தைய எக்ஸ்பியில் முழு ஃபார்மட்கூட, தரவு எழுதப்படும் சிறு கட்டங்களான செக்டர்களில் கெட்டுப்போனவற்றைத் தேடியதே தவிர, தரவை அழிக்கவில்லை.

இது எவ்வளவு பரவலான அலட்சியம் என்பதற்கு ஒரு பழைய, நல்ல ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடியில் படித்துக்கொண்டிருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்ற இருவர் 2000 முதல் 2002 வரை 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை விலைக்கு வாங்கிச் சோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். படிக்க முடிந்தவை 129. அவற்றில் ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றிலிருந்து கிரெடிட் கார்டு எண்களே ஆயிரக்கணக்கில் கிடைத்தன.

'என் லேப்டாப்புக்கு பாஸ்வேர்டு இருக்கிறதே' என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. விண்டோஸ் பாஸ்வேர்டு திரையில் நுழைவதை மட்டுமே தடுக்கும். டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டினால், என்க்ரிப்ஷன் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தரவை மாற்றிவைப்பது) போடப்படாத டிஸ்க் எந்தக் கேள்வியும் கேட்காமல் திறக்கும். அதற்கு வேண்டிய சாட்டா–யுஎஸ்பி கேபிள் சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்தான். இ–ஆதார் பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கிறது என்பதும் பாதுகாப்பில்லை. பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததே அந்தப் பாஸ்வேர்டு என்பது எல்லோருக்கும் தெரியும். பெயரும் பிறந்த ஆண்டும் அதே டிஸ்க்கில் இருக்கிற மார்க் ஷீட்டிலேயே அச்சாகியிருக்கின்றன.

முதலில் உள்ளே இருப்பது எது என்று பாருங்கள்

அழிக்கும் முறை முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது: உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, சுழலும் பாகமின்றிச் சில்லுகளில் தரவை வைக்கும் எஸ்எஸ்டியா? ஹார்ட் டிஸ்க்குக்குச் சரியான முறை எஸ்எஸ்டியில் பாதிதான் வேலை செய்யும். இணையத்தில் கிடைக்கும் பழைய ஆலோசனைகளில் பெரும்பாலானவை ஹார்ட் டிஸ்க் காலத்தவை.

பார்ப்பது எளிது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குப் போனால் ஒவ்வொரு டிஸ்க்கின் கீழும் எச்டிடி (ஹார்ட் டிஸ்க்) அல்லது எஸ்எஸ்டி என்று எழுதியிருக்கும். எத்தனை டிஸ்க் காட்டுகிறது என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் வந்த லேப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸுக்கு ஒரு சிறிய எஸ்எஸ்டி, படங்களுக்கும் வீடியோக்களுக்கும் 1 டிபி ஹார்ட் டிஸ்க் என்று இரண்டு இருக்கும். நம் வீடுகளில் முக்கியமானதை எல்லாம் 'டி டிரைவில்' போட்டுவைப்பது பழக்கம். சி டிரைவை மட்டும் அழித்துவிட்டு டி டிரைவை மறந்து கொடுப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு.

அழிப்பதற்கு முன்

வேண்டியதை எல்லாம் எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். காப்பி எடுத்ததோடு விடாமல், அந்த டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பத்துப் பதினைந்து ஃபைல்களையாவது திறந்து பாருங்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் இரண்டும் அடிக்கடி விடுபடும். அவுட்லுக் வைத்திருப்பவர்கள், மின்னஞ்சல்கள் சேர்ந்திருக்கும் பிஎஸ்டி ஃபைலை எடுக்க வேண்டும். டாலி வைத்திருப்பவர்கள் டேட்டா ஃபோல்டரை எடுத்தபின், டாலிக்குள்ளேயே லைசென்ஸை 'சரண்டர்' செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் டிஸ்க்கை அழித்தால் புது மெஷினில் அதே லைசென்ஸைப் போடும்போது இழுத்தடிக்கும். அடோபி போன்ற மென்பொருள்களிலும் சைன் அவுட் செய்துவிடுங்கள்.

பிறகு கணக்குகள். மொபைலில் வாட்ஸ்அப்பின் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியில் இந்தக் கம்ப்யூட்டரை நீக்குங்கள். டெலிகிராமில் 'டிவைசஸ்' பகுதியில் அதையே செய்யுங்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் 'யுவர் டிவைசஸ்' என்ற பட்டியலிலிருந்தும் எடுத்துவிடுங்கள். ஒன்டிரைவை 'அன்லிங்க்' செய்யுங்கள். இது சடங்குக்காகச் சொல்வதல்ல: ஒன்டிரைவ் ஃபைல்கள் இருந்த சில கம்ப்யூட்டர்களில் 'ரீசெட்' செய்த பிறகும் பழைய ஃபைல்கள் மிஞ்சியிருந்த ஒரு கோளாறு 2022இல் வெளிவந்து, மைக்ரோசாஃப்ட் அப்டேட் மூலம் அதைச் சரிசெய்தது. ஆகவே விண்டோஸ் அப்டேட்டையும் முடித்துவிட்டே அடுத்த வேலைக்குப் போங்கள். மெமரி கார்டு துளை, டிவிடி டிரைவ், மௌஸின் யுஎஸ்பி டாங்கிள், டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் ஆகியவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால்

ஒருமுறை முழுவதும் மேலெழுதினால் போதும். ஏழு முறை, முப்பத்தைந்து முறை எழுத வேண்டும் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்த முப்பத்தைந்து முறைக் கணக்கு பீட்டர் குட்மன் என்பவர் 1996இல் அன்றைய டிஸ்க்குகளின் பதிவு முறைகளை வைத்துச் சொன்னது. இன்றைய டிஸ்க்குகளுக்கு அது பொருந்தாது என்று அவரே பின்னர் எழுதிவிட்டார். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட்டின் 800–88 வழிகாட்டியும் இத்தகைய டிஸ்க்குக்கு ஒருமுறை மேலெழுதுவதே போதும் என்கிறது. முப்பத்தைந்து முறை ஓட்டினால் நாள்கணக்கில் டிஸ்க் சூடாகும், வேறு பலன் இல்லை.

கையில் எதுவும் வாங்காமல் செய்ய விண்டோஸிலேயே 'டிஸ்க்பார்ட்' என்ற கருவி இருக்கிறது. குறைந்தது 8 ஜிபி பென் டிரைவில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் மூலம் விண்டோஸ் இன்ஸ்டாலரைப் போட்டு, அதிலிருந்து கம்ப்யூட்டரை பூட் செய்யுங்கள், அதாவது தொடங்குங்கள். முதல் திரை வந்ததும் ஷிஃப்ட்டுடன் எஃப்10 அழுத்தினால் கட்டளை தட்டும் கறுப்புத் திரை வரும்; சில லேப்டாப்புகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். அதில் டிஸ்க்பார்ட் என்று தட்டி, 'லிஸ்ட் டிஸ்க்' கொடுத்தால் எல்லா டிஸ்க்கும் எண்ணோடும் அளவோடும் தெரியும். 'செலக்ட் டிஸ்க்' என்று கொடுத்து எண்ணைச் சேருங்கள். 'டீடெய்ல் டிஸ்க்' கொடுத்து மாடல் பெயரைச் சரிபாருங்கள். கடைசியில் 'கிளீன் ஆல்'.

இங்கே இரண்டு இடத்தில் கவனம் தேவை. 'கிளீன்' என்று மட்டும் கொடுத்தால் அட்டவணை மட்டும்தான் போகும். 'ஆல்' சேர்த்தால்தான் ஒவ்வொரு செக்டரிலும் பூஜ்ஜியம் எழுதப்படும். இரண்டாவது, பேக்கப் எடுத்த எக்ஸ்டெர்னல் டிஸ்க்கை மாட்டியபடியே விட்டால் அதுவும் அதே பட்டியலில் வரும். எண் ஒன்று மாறினால் பத்து வருடப் படங்கள் போய்விடும், திரும்ப வராது. பேக்கப் டிஸ்க்கைக் கழற்றி அடுத்த அறையில் வைத்துவிட்டுத்தான் டிஸ்க்பார்ட்டைத் திறக்க வேண்டும்.

'கிளீன் ஆல்' எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டாது. தொங்கிப்போனது போலத் தெரியும். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 500 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரம், 1 டிபிக்கு மூன்று மணி நேரம் வரை ஆகும். தேய்ந்த டிஸ்க் என்றால் இன்னும் கூடும். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றாதீர்கள். டெஸ்க்டாப் என்றால் உங்கள் பகுதியில் அன்றைக்குப் பராமரிப்பு மின்தடை இருக்கிறதா என்று மின்வாரிய அறிவிப்பைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நடுவில் கரண்ட் போனால் டிஸ்க் பாதிதான் அழிந்திருக்கும். முதலிலிருந்து மறுபடி ஓட்ட வேண்டும்.

டிஸ்க்கில் கெட்ட செக்டர்கள் இருந்தால் ஒரு சிக்கல் உண்டு. கெட்டதாக ஒதுக்கப்பட்ட செக்டரில் விண்டோஸால் எழுத முடியாது. பழைய துணுக்குகள் அங்கே மிஞ்சலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 'ரீஅலோகேட்டட் செக்டர்ஸ்' எண்ணிக்கை பூஜ்ஜியமாக இல்லாமல் ஏறியிருந்தால், அந்த டிஸ்க்கை விற்காமல் கழற்றி வைத்துக்கொள்வது நல்லது. அத்தகைய டிஸ்க் வாங்குபவருக்கும் உதவாது.

எஸ்எஸ்டி என்றால்

எஸ்எஸ்டியின் உள்ளே இருந்து அதை இயக்கும் சில்லான கன்ட்ரோலர், தரவு வைக்கும் ஒரே செல் சீக்கிரம் தேய்ந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். விண்டோஸ் 'இந்த இடத்தில் பூஜ்ஜியம் எழுது' என்றால், கன்ட்ரோலர் அதை வேறொரு செல்லில் எழுதிவிட்டுப் பழைய செல்லைப் பிறகு துடைக்கலாம் என்று ஒதுக்கி வைக்கும். அதோடு, விண்டோஸுக்கே தெரியாத உபரி இடம் ஒன்றும் ஒவ்வொரு எஸ்எஸ்டியிலும் உண்டு. ஒரு ஃபைலைத் தேர்ந்து அதன் மேல் மட்டும் எழுதி அழிக்கும் 'ஃபைல் ஷ்ரெடர்' வகை மென்பொருள்கள் எஸ்எஸ்டியில் நம்பத்தக்கவை அல்ல என்பதை கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாக ஆய்வாளர்கள் 2011இலேயே சில்லுகளைக் கழற்றிப் படித்துக் காட்டினார்கள்.

ஆகவே எஸ்எஸ்டியை அதன் கன்ட்ரோலரைக் கொண்டுதான் அழிக்க வேண்டும். அதற்கான கட்டளை 'செக்யூர் இரேஸ்' அல்லது 'சானிடைஸ்'. அலுவலக வகை லேப்டாப்புகளில் இது பயாஸிலேயே (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) இருக்கும்: எச்பியில் எஃப்10 அழுத்தி உள்ளே போனால் 'செக்யூரிட்டி' பகுதியில் 'செக்யூர் இரேஸ்', டெல்லில் எஃப்2 அழுத்தி 'டேட்டா வைப்'. வீட்டு உபயோக மாடல்களில் இல்லாமலும் போகலாம். அப்போது எஸ்எஸ்டி தயாரித்த நிறுவனத்தின் மென்பொருளைப் பாருங்கள்: சாம்சங் என்றால் மெஜிஷியன், குரூஷியல் என்றால் ஸ்டோரேஜ் எக்ஸிகியூட்டிவ், கிங்ஸ்டன் என்றால் எஸ்எஸ்டி மேனேஜர். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் அதே டிஸ்க்கை இவை அழிக்க மாட்டா. பூட் செய்யும் பென் டிரைவ் தயாரித்தோ, எஸ்எஸ்டியை வேறொரு கம்ப்யூட்டரில் நேரடியாக மாட்டியோதான் செய்ய வேண்டும். யுஎஸ்பி கேஸில் போட்டு மாட்டினால் பல நேரம் கட்டளை உள்ளே போய்ச் சேராது. 'டிரைவ் ஃப்ரோஸன்' என்று பிழை வந்தால் பயப்பட வேண்டாம். தவறுதலாக அழிந்துவிடாமல் இருக்க பயாஸ் போடும் பூட்டு அது. கம்ப்யூட்டரை ஒருமுறை ஸ்லீப்பில் போட்டு எழுப்பினால் பெரும்பாலும் விலகிவிடும். செக்யூர் இரேஸ் பல எஸ்எஸ்டிகளில் ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும்.

இந்த வசதி எதுவும் கிடைக்காதவர்களுக்கு என்க்ரிப்ஷன் நல்ல வழி. விண்டோஸ் ப்ரோவில் 'பிட்லாக்கர்' இருக்கிறது. ஹோம் பதிப்பில் செட்டிங்ஸின் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' இருக்கிறதா பாருங்கள். சில மெஷின்களில் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். பிட்லாக்கரை இப்போதுதான் போடுகிறீர்கள் என்றால், 'பயன்படுத்திய இடம் மட்டும்' என்பதை விட்டு 'முழு டிரைவ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். டெலீட் செய்த பழைய ஃபைல்கள் கிடப்பது அந்தக் 'காலி' இடத்தில்தான். என்க்ரிப்ஷன் முடிந்து விண்டோஸை 'ரீசெட்' செய்தால் (முறை கீழே) சாவியும் போய்விடும். அதற்குப் பின் எந்த மூலையில் எது மிஞ்சினாலும் அது படிக்க முடியாத எழுத்துக் குப்பைதான். வாங்கிய முதல் நாளிலேயே என்க்ரிப்ஷன் போட்டவருக்கு இது முழுப் பாதுகாப்பு. விற்கும்போது போடுபவருக்கு, உபரி இடத்தில் பழைய துணுக்கு ஏதாவது தங்கியிருக்கச் சிறு வாய்ப்பு உண்டு. அதை எடுக்கச் சில்லைக் கழற்றும் ஆய்வகம் தேவை. வீட்டு லேப்டாப்புக்கு இது போதுமானது.

விண்டோஸோடு கொடுக்க வேண்டுமா?

வாங்குபவர் விண்டோஸ் ஓடுவதைப் பார்க்கத்தான் விரும்புவார். டிஸ்க்கை முழுவதும் துடைக்காமல், விண்டோஸை வைத்தபடியே அழிக்க, விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று போய் 'ரீசெட் பிசி' அழுத்துங்கள். 'ரிமூவ் எவ்ரிதிங்' தேர்ந்தெடுங்கள். இதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த திரையில் 'சேஞ்ச் செட்டிங்ஸ்' என்று சின்னதாக இருக்கும். அதைத் திறந்து 'கிளீன் டேட்டா' என்பதை ஆன் செய்ய வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட டிரைவ் இருந்தால் எல்லா டிரைவிலும் அழிக்கும்படி சொல்லும் தேர்வும் அங்கேயே இருக்கும். அதையும் ஆன் செய்யுங்கள். இவை இல்லாத ரீசெட் வெறும் டெலீட்தான்.

இந்த 'கிளீன் டேட்டா' வீட்டு உபயோகத்துக்கானது, அரசு, தொழில்துறைத் தரங்களை எட்டாது என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. குடும்ப லேப்டாப்புக்கு என்க்ரிப்ஷனும் இதுவும் சேர்ந்தால் சரி. தி.நகரில் ஆடிட்டர் அலுவலகமோ, கிளினிக்கோ நடத்துபவர்கள் இதோடு நிற்கக் கூடாது. அங்கே டிஸ்க்கில் இருப்பது மற்றவர்களின் தரவு. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கும் பொறுப்பை வைத்திருப்பவர் மேல் போடுகிறது. அங்கே டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மெஷினை மட்டும் விற்பதே சிறந்தது. வீட்டில் டெஸ்க்டாப் விற்பவருக்கும் இதையே பரிந்துரைக்கலாம்: நான்கு ஸ்க்ரூதான், விலையில் கொஞ்சம் குறையும், டிஸ்க்கை யுஎஸ்பி கேஸில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

ரீசெட் முடிந்ததும் நாடு எது, மொழி எது என்று கேட்கும் திரை வரும். அங்கேயே பவரை அணைத்துவிடுங்கள். 'ஓடுகிறதா பார்க்கலாம்' என்று உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போனால் எல்லாம் மறுபடி வந்து உட்காரும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு வேலை குறைவு. ஆப்பிள் சிலிக்கன் அல்லது டி2 சில்லு உள்ள மேக்கில், மேக்ஓஎஸ் மான்டெரே முதலான பதிப்புகளில் 'இரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்' என்ற ஒரே தேர்வு என்க்ரிப்ஷன் சாவியை அழித்து, ஐகிளவுடிலிருந்தும் வெளியேற்றிவிடும். தொலைந்த ஆப்பிள் சாதனங்களைத் தேடும் 'ஃபைண்ட் மை' பட்டியலில் அந்த மேக் இன்னும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் வாங்கியவரால் அதைத் திறக்கவே முடியாது.

அழிந்ததா என்று பார்ப்பது

ஹார்ட் டிஸ்க்கை யுஎஸ்பி கேபிளில் வேறு கம்ப்யூட்டரில் மாட்டி ஃபோட்டோரெக்கை ஓட்டுங்கள். ஒரு படம்கூடக் கிடைக்கக் கூடாது. எச்எக்ஸ்டி என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கைத் திறந்து, தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று நான்கு இடங்களுக்குப் போய்ப் பார்த்தால் வரிசையாகப் பூஜ்ஜியங்கள் தெரிய வேண்டும். எஸ்எஸ்டியில் இந்தச் சோதனையை நம்ப முடியாது. துடைக்கப்படாமல் ஒதுக்கி வைத்திருக்கும் இடத்தைக் கேட்டாலும் பல கன்ட்ரோலர்கள் பூஜ்ஜியத்தையே காட்டும். அங்கே செக்யூர் இரேஸ் பிழையின்றி முடிந்தது என்ற செய்தியைத்தான் நம்ப வேண்டும்.

ஓடாத கம்ப்யூட்டர்

'ஆன் ஆகவே மாட்டேன் என்கிறது, இதில் யார் என்ன எடுக்க முடியும்' என்று காயலான் கடைக்குப் போடாதீர்கள். மதர்போர்டு போனாலும் டிஸ்க் நன்றாகவே இருக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023இல் மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் மூழ்கிய கம்ப்யூட்டர்கள் ஏராளம். மூழ்கிய டிஸ்க்கிலிருந்தும் தரவு மீட்க முடியும், அதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். தெரிந்தால் மேலே சொன்னபடி அழியுங்கள். தெரியாவிட்டால் உடைக்க வேண்டும்.

ஹார்ட் டிஸ்க் என்றால் உள்ளே இருக்கும் வட்டத் தட்டுகளை ஊடுருவும்படி டிரில்லில் மூன்று நான்கு துளை போடுங்கள். லேப்டாப் டிஸ்க்குகளின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, சில்லுசில்லாகத் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்குத் தடித்த உறையும் போடாமல் தொடாதீர்கள். எஸ்எஸ்டியில் நடுவே ஒரு துளை போட்டால் சில்லு எதுவும் அடிபடாமலே போகலாம். பலகையில் இருக்கும் ஒவ்வொரு கறுப்புச் சில்லையும் தனித்தனியாக உடைக்க வேண்டும். காந்தம் வைத்தால் எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகாது. எதையும் எரிக்காதீர்கள். உடைத்த மிச்சத்தை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுங்கள். 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி இந்தப் பதிவு கட்டாயம்.

கைமாற்றும்போது ஒரு தாளில் மாடல், கம்ப்யூட்டரின் சீரியல் எண், தேதி, தொகை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு விற்றிருந்தால் 'ஸ்டோரேஜ் இல்லாமல்' என்பதையும் அதில் எழுதிவிடுங்கள். முன்பே அழிக்காமல் விற்றுவிட்டவர்கள் இப்போதும் செய்யக்கூடியது உண்டு: மின்னஞ்சலில் தொடங்கி எல்லாப் பாஸ்வேர்டுகளையும் மாற்றுங்கள், மைஆதார் தளத்தில் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள், வங்கிக் கணக்கில் தெரியாத பரிவர்த்தனை எதையாவது கண்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.